வுங் டாவில் எங்களுக்கு வைத்த பேனர்

சைகோனில் வேலை பார்த்தபோது நாங்கள் மூன்று பேர் ஒரு ராக் இசைக்குழு வைத்திருந்தோம். கிட்டார் வாசித்துப் பாடியவர் காரைக்கால் அண்ணன். பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்தவர். டிரம்ஸ், ஒரு வியட்நாம் தோழி. தொழில் பல் மருத்துவம். பேஸ் கிட்டார், சென்னைக்காரனான நான். மூவரும் ஒரே தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் பழக்கமானவர்கள். அங்கே எங்களைச் சத்தம் அதிகம் என்பார்கள். மதுக்கூடங்களிலோ, "சாமிப் பாட்டுக்காரங்களா?" என்று நழுவுவார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள், வுங் டாவ் என்ற கடலோர ஊரின் ஓட்டல்காரர் ஒருவர் அங்கே கடற்கரையில் வாசிக்க அழைத்தார். போய் இறங்கினால், மேடைக்கு மேல் பெரிய பேனர்: 'கிறிஸ்தவ இசைக்குழு'.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நாம கிறிஸ்தவங்கதான் தம்பி. வாசிக்கிறதும் இசைதான். ரெண்டையும் சேத்து எழுதினா மட்டும் ஏன் எனக்கே கேக்கத் தோணல?"

"கழட்டச் சொல்லவா?"

"ஐயையோ, வேணாம். அப்புறம் விசுவாசத்த மறைச்ச மாதிரி ஆயிடும்!"

நான் மொழிபெயர்த்ததும் தோழி டிரம் குச்சிகளோடு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எங்களையும் தொற்றிக்கொண்டது.

முன்வரிசையில் கன்னியாஸ்திரிகள், கஞ்சி போட்ட சட்டையில் குழந்தைகள். பின்னால் பீரோடு எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள். பேனரைப் பார்த்து அவர்களில் பாதிப் பேர் கிளம்ப எழுந்தே விட்டார்கள். அண்ணன் சட்டென்று எங்கள் சொந்தப் பாட்டைத் தொடங்கினார். வெள்ளத்தில் ஸ்கூட்டர் நின்றுபோன ஒருவன், 'நீ வராமல் நகரமாட்டேன்' என்று கத்தும் பாட்டு. வியட்நாமிய மொழியில் பல்லவி வந்ததும் எழுந்தவர்கள் திரும்பி, மேடையை நோக்கி வந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி காலால் தாளம் போட்டார். மூன்றாவது பல்லவியில் கைகளைத் தூக்கிக் குதித்தார். குழந்தைகளின் சட்டையில் கஞ்சி போன இடம் தெரியவில்லை. எனக்குத் தந்தி எது, விரல் எது என்றே புரியாத ஆனந்தம்.

இறங்கியதும் குதித்த அந்தக் கன்னியாஸ்திரி அண்ணனின் கையைப் பிடித்து பிரெஞ்சில் கேட்டார்: "இது ஜெபம்தானே?"

"ஆமாம் மதர்."

பின்னாலேயே ஒரு தொழிலாளி ஆங்கிலத்தில்: "காதல் பாட்டுதானே?"

"ஆமாங்க, ஆமா!"

"அண்ணே, யார்கிட்ட பொய் சொன்னீங்க?" என்றேன்.

"ரெண்டு பேர்கிட்டயும் இல்லடா!" என்றவர், மேடைச் சட்டையோடு கடலுக்குள் ஓடினார். பல் மருத்துவத் தோழி கூவிக்கொண்டே அவர் பின்னால் பாய்ந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.