சீமைச்சாமந்தி வாசம்

செர்வாந்தோவிடம் வாய் கொடுத்து மீண்டவர் சான்லூகர் ஊரில் கிடையாது. அவர் ஒயின் கிடங்கில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஊர் ஒயினுக்கு மன்சனியா என்று பெயர்; வயிற்றுவலிக்குக் கொதிக்கவைத்துக் குடிக்கும் சீமைச்சாமந்திக்கும் அதே பெயர்தான். ஒயினில் அந்தப் பூவின் வாசம் அடிப்பதால் வந்த பெயர் என்பது சான்லூகர்காரர்கள் கட்சி. வெல்வா பக்கம் மன்சனியா என்றே ஓர் ஊர் உண்டு; பெயர் எங்களிடமிருந்து போனது என்பது அந்த ஊர்க்காரர்கள் கட்சி. செர்வாந்தோ வாதாடவே மாட்டார். எதிராளியின் மூக்குக்கடியில் கோப்பையை நீட்டுவார், வழக்கு முடிந்துவிடும்.

அந்தக் குளிர்காலத்துக் காய்ச்சல் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, வாசனையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கிடங்கின் உயரமான சன்னல்கள் வழியே கடற்காற்று வந்து ஈரத்தரையில் உலவும். பீப்பாய்களுக்குள் ஒயின்மேல் பாலாடைபோல ஒரு படலம் உறங்கிக் கிடக்கும். நீள அகப்பையால் மொண்டு, கோப்பையில் ஊற்றி, கண்மூடி முகர்வார். கனவில் யாரோ வாயசைத்தும் குரல் கேட்காததுபோல இருக்கும். பழக்கத்தில் தலையாட்டி வைப்பார். மூக்கு போனது தெரிந்தால் தன்னை யார் மதிப்பார்கள் என்று உள்ளூர நடுங்கினார்.

வசந்தகாலத்து ஞாயிறு மாலை, ஆற்றங்கரை மதுக்கடையில் மனைவி ரெக்லாவோடு இறால் தின்றுகொண்டிருந்தார். வெல்வாவிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் வேண்டுமென்றே பெயர்க்கதையைக் கிளப்பினார். கடையே செர்வாந்தோவின் கையைப் பார்த்தது. கை அசையவில்லை.

"இருக்கலாம்" என்றார்.

ஆயுளில் ஒயினைத் தொட்டிராத ரெக்லா, கணவரின் கோப்பையை எடுத்து முகர்ந்தாள். பிறகு அதை வியாபாரியின் மூக்குக்கடியில் நீட்டினாள்.

"மோந்து பாருய்யா. தெனம் இந்தப் பூவக் கொதிக்க வைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

கடை சிரித்தது. வியாபாரியும் சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குச் சொன்னார்.

வீடு திரும்பும்போது ஆறும் கடலும் ஒரே வெளிச்சமாகக் கலந்து கிடந்தன. எப்போதிலிருந்து தெரியும் என்று செர்வாந்தோ தயங்கிக் கேட்டார்.

"மீன் தீஞ்ச அன்னிக்கே. வீடே நாறுது, நீ பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறே."

செர்வாந்தோ நடையைத் தளர்த்தினார்.

"நெசமாவே வாசம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்படி?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு உன் சட்டையில இருந்துச்சே, அதே மாதிரி."

செர்வாந்தோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச்சொல்லி, கண்ணை மூடிக்கொண்டே நடந்தார். மணலில் தடுக்கி விழாமல் ரெக்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.