கழிவு தெரியாத எஞ்சின்

காலை ஐந்தரைக்குப் பூண்டுலோயாவில் வேன் ஏறினோம். நான், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை ஐயா, நான்கு சாக்கு செவ்வந்திப் பூ. அன்று தோட்டத்துக் கோவிலில் கும்பாபிஷேகம். கொழும்பில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் பூத்தூவ ஹெலிகாப்டர் பிடித்திருந்தார்கள். தோட்டத்தில் அது இறங்க இடமில்லை. நுவரெலியாவில்தான் ஏற வேண்டும். தூவ ஒரு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்டார்கள். என் பேர் வந்தது. "பொம்பளை தனியா எப்படிப் போறது" என்று ஐயாவும் புதுவேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தலவாக்கலையில் டீயும் வடையும். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நானுஓயா ஏற்றத்தில் வேன் திணறியது. "மேல காத்து கம்மிங்க. எஞ்சினுக்கும் இழுப்பு வந்திரும்" என்றார் டிரைவர். வேனுக்கே இப்படி என்றால் ஹெலிகாப்டர் எப்படி ஏறும்?

எட்டரைக்கு மைதானம். நல்ல வெயில். ஹெலிகாப்டர் எங்கள் வேனைவிடச் சின்னது. பைலட் நீர்கொழும்புக்காரர். அவரிடமே கேட்டேன்.

"கீழ கடலோரத்துல இந்த எஞ்சினோட முழு பலத்தையும் எடுக்க மாட்டோம் அக்கா. கொஞ்சம் மிச்சம் இருக்கும். மேல காத்து மெலிசு. அப்போ எஞ்சின் வாயைக் கூடத் திறந்து இழுத்துக்கும். அதே பலம் வரும். வாய் முழுசா திறந்தாச்சுன்னா அவ்வளவுதான். அதான் முன்னாடியே எத்தனை கிலோன்னு கேட்டேன்."

விளங்கியது. ஏற்றத்தில் கூடை தூக்க வேண்டிய நாளில் நாங்களும் காலையிலேயே பலத்தைச் செலவழிக்க மாட்டோம். கிலோவை ஐயா முதல் நாளே கொழுந்துத் தராசில் நிறுத்து ஃபோனில் சொல்லியிருந்தார்.

ஏறினோம். ஒரு முழம் எழும்பி அங்கேயே நின்று ஆடியது. பைலட் ஒரு ஊசியைப் பார்த்தார். அது சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. மெதுவாக இறக்கி, எஞ்சினை நிறுத்தினார்.

"சொன்னதைவிடக் கனம் கூட இருக்கு. சாக்கு எவ்வளவு?"

"பத்துப் பத்து கிலோ" என்றார் ஐயா.

"தராசு பத்துதான் காட்டுச்சா?"

"பதிமூணு காட்டுச்சு. சாக்குக்கும் தண்ணிக்கும் மூணு கழிச்சேன். வழக்கமா கழிக்கிறதுதானே."

பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்திருந்தோம். அந்தத் தண்ணீர் எல்லாம் சாக்குக்குள்ளேதான் இருந்தது.

"உங்க எடை?"

"தொண்ணூறு." ஐயா வேட்டியைச் சரிசெய்தார். "அதுல துணிமணிக்கு ரெண்டு கழிச்சிட்டேன்."

பைலட் சிரித்துவிட்டார். "எஞ்சினுக்குக் கழிவு தெரியாது ஐயா. பூ இறங்கணும், இல்ல ஒரு ஆள் இறங்கணும்."

பத்து மணிக்குக் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது பூ விழ வேண்டும். லயத்து வீட்டுச் சனம் முழுக்க வானத்தைப் பார்த்து நிற்கும்.

"நீ இறங்கு ராசம்மா. நான் தூவிட்டு வந்திர்றேன்" என்றார் ஐயா.

"சீட்டு எனக்குத்தான் விழுந்துச்சுங்க ஐயா. இருபது வருசமா தண்ணிக்குன்னு எங்க கொழுந்துல கழிச்சீங்க. இன்னைக்கு அந்தத் தண்ணிக்கு நீங்க இறங்குங்க."

ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். இறங்கினார். "கோபுரத்துல போடு. கொழுந்து மடுவத்துக் கூரையில கொட்டிறாத" என்றார்.

இந்த முறை ஊசி கோட்டுக்குக் கீழேயே நின்றது. மரம் கீழே போனது. மலை கீழே போனது. தூரத்தில் கொத்மலை அணைத் தண்ணீர் தகரம்போல் மின்னியது. நான் நாளெல்லாம் ஏறி இறங்கும் மலையைத் தாண்ட ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

கோவில் தெரிந்தது. பைலட் கையைக் காட்டினார். அள்ளி அள்ளிப் போட்டேன். பாதி கோபுரத்தில் விழுந்தது. மீதி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரையில். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. சாக்கு காலியானதும் ஹெலிகாப்டர் ஒரு துள்ளு துள்ளியது.

மைதானத்தில் ஐயா கடலைப் பொட்டலத்தோடு நின்றார்.

"மேலயிருந்து என்னா தெரிஞ்சுது?"

"எல்லாம் தெரிஞ்சுதுங்க. உங்க தராசு மட்டும் தெரியல."

நடந்ததை ராத்திரியே லயத்தில் சொல்லியிருந்தேன். மறுநாள் வேலை. மழை. கொழுந்தெல்லாம் நனைந்திருந்தது. என் சாக்கைத் தராசில் மாட்டினார். வழக்கமான கழிவு மூன்று. அவர் வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஹெலிகாப்டர் மாதிரிச் சத்தம் போட்டார்கள்.

ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்று மட்டும் கழித்தார்.