எமல்சிஃபயருக்கு ஓர் ஆயுத பூஜை

1. பன்னீர்ச் செம்பு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மில் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, என் வேலை போகப்போகிறது என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

"அருளப்பா, பூஜை முடிஞ்சதும் அந்தப் பன்னீர்ச் செம்பு லைனை மூடிடலாம்னு இருக்கேன். நீ பழையபடி பதிலிக்குப் போயிடு."

எண்பதுகளின் நடுவில் நல்லம்பள்ளி பக்கம் இருந்த ஒரு தனியார் நூற்பாலை அது. நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்பவனுக்குப் பெயர் பதிலி. அவர் லீவு போடாவிட்டால் பதிலிக்குச் சோறு இல்லை. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பிழைப்பு. அதிலிருந்து தப்பித்து, புதிதாக வந்த ஃபயர் பம்புக்கு ஆபரேட்டராக நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள்.

பன்னீர்ச் செம்பு என்று மேனேஜர் கிண்டல் செய்தது எமல்சிஃபயர் சிஸ்டத்தை. மில்லின் பின்பக்கம் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர். அதன் வயிறு முழுக்க எண்ணெய். அதில் தீப்பிடித்தால் வாளித் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து, தீயையும் கூட்டிக்கொண்டு ஊர்வலம் கிளம்பிவிடும். அதே தண்ணீரைப் பொடிப்பொடித் துளியாக்கி, வேகமாக எண்ணெயின் மேல் அடித்தால் இரண்டும் கலந்து மோர் மாதிரி ஆகிவிடும். சூடும் இறங்கிவிடும். மோர் எரியாது. இதற்காக டிரான்ஸ்பார்மரைச் சுற்றி இரண்டு வளையமாகப் பைப் போட்டு, அதில் தண்ணீரைத் தூவும் நாசில்கள் வைத்திருந்தோம்.

இதில் அழகான விஷயம், திறப்பதற்கு ஆள் வேண்டாம். வளையத்தோடு சேர்ந்து, எப்போதும் பிரஷர் நிற்கிற ஒரு தனி லைன் போகும். அதில் இடையிடையே சின்னக் கண்ணாடி பல்பு உண்டு, உள்ளே சிவப்புத் திரவம். சூடு பட்டால் பல்பு உடையும். உடைந்தால் அந்த லைனில் பிரஷர் இறங்கும். இறங்கினால் டெல்யூஜ் வால்வு என்கிற பெரிய வால்வு தானாகத் திறந்து எல்லா நாசிலிலும் தண்ணீர் பாயும்.

"தானாத் தொறக்கும், தானாத் தொறக்கும்ங்கற. தொறந்து நீ பாத்திருக்கியா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க சார். ஒரே ஒரு பல்பை ஒடைக்க பர்மிஷன் குடுத்தீங்கன்னா காட்டிடறேனுங்க."

"பம்பாயில இருந்து வர்ற பல்புய்யா. உன் வெளையாட்டுக்கு ஒடைக்கறதா? சரி, ஒண்ணு கேக்கறேன். தானாத் தொறக்கும்னா நீ எதுக்கு? தொறக்காதுன்னா அது எதுக்கு?"

 பல்பை உடைக்கும் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

2. இண்டூர்க்காரர்

எனக்குப் பிலோமினாவைப் பேசியிருந்தார்கள். அவளுடைய அப்பா ஆரோக்கியம் இண்டூரில் விவசாயி. எங்கள் கத்தோலிக்க சபையில் கல்யாணம் என்றால் முதலில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ஊரில் யாரும் தடை சொல்லவில்லை. ஆரோக்கியம் மாமாதான் ஒரு தடை வைத்திருந்தார்.

"பதிலி வேலைக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாதுங்க மாப்ள. பர்மனென்ட் ஆவட்டும், அன்னிக்கே ஓலை வாசிக்கச் சொல்றேன்."

மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவார், பெண்ணும் கிடையாது என்பார். அதோடு விட்டாரா? ஆயுத பூஜை அன்று மில்லில் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்டு, "நீங்க ஓட்டற மிஷினை நானும் வந்து ஒரு பார்வை பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? 

3. பூஜை

மறுநாள் மில்லே புது மாப்பிள்ளை போல இருந்தது. வாசலில் வாழைக்கன்று, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கரண்டை நிறுத்தி, மிச்சம் இருந்தால் தரைக்குப் போக எர்த் ராட் மாட்டி, டிரான்ஸ்பார்மர் வேலியைத் திறந்து வைத்திருந்தார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது திறக்கும். ஃபயர் பம்ப் டீசலில் ஓடுவது, அதனால் அதை மட்டும் தானாக ஓடும்படி ஆட்டோமேடிக்கில் விட்டிருந்தேன். தீ, பண்டிகைக்கு லீவு போடாது.

ஆரோக்கியம் மாமா வெள்ளை வேட்டி, சட்டையோடு வந்து எனக்கு எதிரே நின்றுகொண்டார்.

எலக்ட்ரீஷியன் மாதையன் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். நாசில் ஓட்டையில் சந்தனம் அடைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதும், ஒவ்வொன்றையும் சுற்றி விரல் நுனியால் குழந்தைக்கு வைப்பதுபோல வைத்தார். கடைசியில் கீழ் வளையத்தில், மார்பு உயரத்தில் இருந்த சிவப்பு பல்பைப் பார்த்தார்.

"சார், இது கண்ணு மாதிரி இருக்குதுங்க. இதுக்கு நேராக் காட்டுங்க சார்."

எங்கள் மில்லில் கடைசி ஆரத்தியை மேனேஜர்தான் காட்டுவார், அதுதான் வழக்கம். பட்டு ஜிப்பா போட்டிருந்த மேனேஜர், கற்பூரம் குவித்த தட்டைப் பல்புக்கு நேர் கீழே கொண்டுபோனார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், அங்க காட்டாதீங்க! வேண்டாங்க சார்!"

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாதையன் மேனேஜர் காதருகே போய், எல்லாருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார்: "அவுரு வேதக்காரருங்க சார். மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

மேனேஜர் முகம் சிவந்தது. "ஏன்யா, உன் சாமி வேற, எங்க சாமி வேறன்னாலும் மிஷின் ஒண்ணுதானே? இதுக்கு மட்டும் பூஜை வேண்டாமா?"

"அய்யோ, அதுக்கில்லீங்க சார். பல்பு, சூடு பட்டா..."

"சித்திரை வெயிலுக்கு ஒடையாதது கற்பூரத்துக்கு ஒடையுதா? பேசாம நில்லு."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பூஜையைத் தடுத்தவன் என்ற பெயரோடு பதிலிக்குத் திரும்பப்போகிறேன். அதையும் மாமா கண்ணெதிரே. அழுகை வராத குறைதான்.

மேனேஜர் வீம்புக்கு நிதானமாகக் காட்டினார். மூன்று சுற்று சுற்றியவர், கண்ணை மூடித் தட்டை அங்கேயே நிறுத்திவிட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அடுத்து, சிஸ்டத்தோடு சேர்ந்த மணி அடிக்க ஆரம்பித்தது. தண்ணீர் ஓடும் விசையில் தானாக அடிக்கிற மணி அது. ஆரத்தி நேரத்தில் மணி அடித்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? மொத்தக் கூட்டமும் பக்தியோடு கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

நாசில்கள் ஒரு தடவை இருமின. பிறகு இரண்டு வளையமும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. டிரான்ஸ்பார்மரைக் காணோம், மேனேஜரைக் காணோம், மாதையனைக் காணோம். வெள்ளைப் புகை போலத் தண்ணீர். உள்ளேயிருந்து கூச்சல் மட்டும் வந்தது. பொரியும் கடலையும் தரையில் மிதந்துபோயின. நான் ஓடிப்போய் ஸ்டாப் வால்வை மூடினேன்.

4. சாட்சி

தண்ணீர் நின்றதும் மேனேஜர் தட்டோடு அதே இடத்தில் நின்றிருந்தார். நெற்றிக் குங்குமம் ஜிப்பா வரைக்கும் வந்திருந்தது.

"யாருய்யா வால்வைத் தொறந்தது?" கண் என் மேல்தான் இருந்தது. "நீதானே? வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு, கேக்கலைன்னதும் தொறந்துவுட்டுட்டியா?"

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவுரு தொறக்கலீங்க. கையைக் கட்டிக்கிட்டு அங்கியேதான் நின்னாரு. தண்ணி வந்ததுக்கப்புறந்தான் ஓடுனாரு." ஆரோக்கியம் மாமா.

"நீங்க யாருங்க? எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம், உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"பொண்ணு குடுக்கப்போறவனுங்க. நானும் வேதக்காரன்தான். மாப்ள கும்புடறாரா இல்லியான்னு அவுரையே பாத்துக்கிட்டு இருந்தனுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. குனிந்து உடைந்த பல்பைப் பார்த்தார், நான் மூடிவிட்டு வந்த ஸ்டாப் வால்வைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அப்ப... தானாத்தான் தொறந்துச்சு?"

"ஆமாங்க சார்."

மாதையன் ஈரத் தலையோடு கவலைப்பட்டார். "அதெல்லாம் இருக்கட்டுங்க சார். ஆரத்தியில கற்பூரம் அணைஞ்சிருச்சே, அபசகுனமில்லீங்களா?"

மேனேஜர் ஜிப்பாவைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அணைக்கத்தானேய்யா இத்தனை செலவு பண்ணி மாட்டியிருக்கோம்? சின்ன நெருப்பு காட்டினேன், அணைச்சிருச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் உனக்கு?"

அந்த மனிதரை நான் மனதாரக் கும்பிட்டது அப்போதுதான். நனைந்து நின்றபடி நியாயம் பேசுவது எல்லாராலும் முடியாது. லைனை மூடும் பேச்சு அன்றோடு நின்றது. ஆறு மாதம் முடிந்ததும் ஆர்டர் வந்தது, மாமா சொன்னபடியே ஓலை வாசிக்கச் சொன்னார்.

5. இளைஞர்களுக்கு

அதன் பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். இப்போது ஓட்டல், ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் அறை எல்லாவற்றுக்கும் தண்ணீரைப் பனி போலத் தூவுகிற வாட்டர் மிஸ்ட் வந்துவிட்டது. நாசில் இன்னும் பொடிசு, பிரஷர் இன்னும் அதிகம். புது சிஸ்டத்தை முதன்முதலில் ஓட்டிக்காட்டும் கமிஷனிங்குக்குப் போனால் நான் முதலில் டிராயிங்கைக் கேட்பதில்லை. "இங்க என்னென்ன பண்டிகை? சாம்பிராணி யார் போடுவாங்க, எந்தக் கெழமை? எதுவரைக்கும் கொண்டுபோவாங்க?" என்று கேட்பேன். சின்ன இன்ஜினீயர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எந்த இடத்தில் தீப்பிடிக்கும் என்று உங்கள் டிராயிங் சொல்லிவிடும் தம்பிகளே. அந்தத் தீயைத் தட்டில் வைத்து, மரியாதையாக எடுத்துக்கொண்டு வருகிற ஆளை நீங்கள்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.