வாகை மரத்துக் காளானும் கோமதி மேடமும்

நுண்ணுயிரியல் பேராசிரியர் கோமதி காலமான செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எதைப் போட்டாலும் கட்டைவிரலை உயர்த்தும் சிலர் அதற்கும் உயர்த்தியிருந்தார்கள். துக்க வீட்டில் ஒருவர், "அந்தக் காளானையே ஒழுங்காத் தின்னுருந்தா பொழச்சிருப்பாக" என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். மேடத்தை அறிந்தவர்களுக்கு, இது அவர் கடைசி வரை மறுத்த பேச்சு என்பது தெரியும்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வாகை மரத்தடியில் முளைக்கும், கட்டை போல் இறுகிய காளான் அது. புற்றுநோய்க்கு மருந்து என்று பொடியாக விற்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதியை முழுமையாக வரிசைப்படுத்துவது மேடம் எடுத்துக்கொண்ட வேலை. பாதி வழியில் அவருக்கே புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் ஊர் சங்கரன்கோவில் இப்படியொரு பொருத்தத்தை விடுமா?

கடையநல்லூரிலிருந்து ஒருவர் புற்றுநோய் வந்த தன் தாய்க்காக மேடத்தின் ஆய்வகத்துக்கு விசாரிக்க வந்தார். தமிழ்த்துறையிலிருந்து தேநீருக்குப் போன நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சர், நீங்களே இதத்தான் சாப்பிடுதீகளாமே?"

"இல்ல அண்ணாச்சி, நான் ஆஸ்பத்திரி மருந்துதான் எடுக்கேன். இது கேக்குமான்னு எனக்குத் தெரியல. அம்மாவுக்குக் குடுக்குத மாத்திரைய நிறுத்திராதீக."

"இவ்வளவு படிச்சிட்டுத் தெரியலங்கீகளே!"

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

காளான் துண்டைச் சோதிக்க அனுப்பியிருந்த பெங்களூரிலிருந்து முதல் முடிவு வந்தபோது காளானுக்குள் மஞ்சள் செடியின் மரபணு இருந்தது. ஆய்வகமே திகைத்தது. மேடம் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாந்தான் சார். ஆயுத பூசைக்குத் தராசுக்குப் பொட்டு வச்சேன், மைக்ரோஸ்கோப்புக்கு வச்சேன். இந்தக் காளான் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சுன்னு இதுக்கும் மஞ்சளக் குழைச்சு ஒண்ணு வச்சிட்டேன்."

"மஞ்சளக் கழிச்சிட்டு ஆய்விதழுக்கு அனுப்பிரலாம்லா?" என்றேன்.

"மஞ்சளக் கழிச்சிரலாம். மஞ்சத்தூள்ல இருந்த பூசணத்த எப்படிக் கழிக்க? அதுவும் காளானுக்குச் சொந்தக்காரந்தானே."

மருத்துவர் கொடுத்திருந்த அவகாசத்தில் இரண்டாவது ஆய்வுக்கு இடமில்லை. அப்படியும் மேடம் வெயிலில் போய்ப் புதிய காளானை வெட்டி வந்தார். அடுத்த ஆயுத பூசையன்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இரண்டாவது முடிவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி படித்தார். சுத்தமாக இருந்தது, ஆனால் சில இடங்கள் விட்டுப்போயிருந்தன. மறுபடி தொடங்க உடம்பில் தெம்பில்லை. இதே இனத்து வேறொரு காளானைப் பார்த்து நிரப்பிவிடலாமே என்றேன்.

"பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்துட்டு இந்த வீட்டுல என்ன குழம்புன்னு சொல்லுவீகளா சார்? தெரியாத இடம் தெரியாததாவே இருக்கட்டும்."

மரபணு வரிசையை நான்கு எழுத்துகளால் எழுதுகிறார்கள். தெரியாத இடத்தில் போட ஐந்தாவதாக ஓர் எழுத்து உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். விட்டுப்போன இடங்களில் எல்லாம் அதைப் போட்டு, அந்தக் கட்டிலிலிருந்தே அனுப்பி வைத்தார். அந்த வாரமே போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஐந்தாவது எழுத்தைத்தான். எல்லாவற்றையும் பற்றிக் கட்டுரை எழுதிப் பழகிய கை இது. அதைப் போடப் பழகக் கொஞ்சம் நாளாகும்.