ராஜகுமாரி எடுத்த யானைப் புகார்கள்

ராஜகுமாரி எங்கள் வனச்சரக அலுவலகத்தில் தொலைபேசி மேசைக்கு வந்தது 2009 ஜூன் 15, திங்கட்கிழமை. சொந்த ஊர் வடகவுஞ்சி. வனக்காவலராக இருந்த கணவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. பக்கத்து மேசை என்னுடையது. அவர் எழுதும் புகார்ப் பதிவேட்டை மாலை ஐந்து மணிக்குச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு.

என்னென்னவோ அழைப்புகள் வரும். குரங்கு தூக்கிப்போன செல்போனுக்கு அடித்தால் அது எடுத்து உர் என்கிறது, வாங்கித் தாருங்கள் என்று ஒருவர் கேட்டார். காட்டுமாடு லாட்ஜ் வாசலில் படுத்திருக்கிறது, அறை வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். ராஜகுமாரி யாரிடமும் சிரித்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, ஆகட்டுங்க என்பார்.

யானை என்றால் மட்டும் விதி வேறு. காவலர் நேரில் போய்ப் பார்த்து, அந்த வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். புகார் சொன்னவருக்கு முடிவைத் தெரிவிக்கவும் வேண்டும்.

2022 அக்டோபர் 14 அன்று, பேத்துப்பாறையில் சிவபாக்கியம் என்பவர் வீட்டருகே ஒற்றை யானை நிற்பதாக ஒருவர் சொன்னார். காவலர் நல்லசாமி போனார். யானையும் இல்லை, தடமும் இல்லை. கையெழுத்தோடு திரும்பினார். புகார் சொன்னவரே மாலையில் மறுபடி கூப்பிட்டு முடிவைக் கேட்டுக்கொண்டார். அக்டோபர் 28, நவம்பர் 4, நவம்பர் 18 என்று மேலும் மூன்று முறை அதே வீடு, அதே யானை.

"நாலும் வெள்ளிக்கிழமை. வெரதம் இருக்கிற யானை போலங்க" என்றார் நல்லசாமி.

அன்று மாலைதான் அழைப்பு எண்ணைக் கவனித்தேன். பதினோரு இலக்கம். ராஜகுமாரி ஓர் இலக்கம் கூட்டி எழுதிவிட்டார் என்று நினைத்து முந்தைய மூன்றையும் பார்த்தேன். நான்கும் ஒன்றே. 968 என்று தொடங்கியது. அது ஓமன் நாட்டு எண்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அழைப்பு வந்தது. ராஜகுமாரி ஸ்பீக்கரைப் போட்டார்.

"மஸ்கட்லருந்து பாத்தா பேத்துப்பாறை யானை தெரியுதா தம்பி?"

அழைத்தவர் உண்மையைச் சொன்னார். பெயர் செல்வமுருகன். சிவபாக்கியத்தின் ஒரே மகன். 2021இல் அப்பா இறந்தபோது கம்பெனியில் விடுப்பு தரவில்லை. அக்காவின் கணவர்தான் கொள்ளி வைத்தார். அதிலிருந்து அம்மா பேசுவதில்லை. இவர் எண்ணைக் கண்டாலே எடுப்பதில்லை. மலைக்குக் கீழே பழனியில் இருக்கும் அக்காவும் அம்மா பக்கம்தான். வாரத்தில் இவருக்கு வெள்ளிதான் விடுமுறை.

"நீங்க கையெழுத்து வாங்கியாச்சுன்னு சொல்றீங்கல்லக்கா. அது போட்டா அம்மா நல்லா இருக்குன்னு அர்த்தம். அதுக்குத்தான்."

இன்னொரு முறை பொய்ப் புகார் வந்தால் காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். ராஜகுமாரி அதைச் சொன்னார். இனி கூப்பிடவில்லை என்றார் செல்வமுருகன். பிறகு, அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். ராஜகுமாரி பதிவேட்டில் 'தவறான தகவல்' என்று எழுதி முடித்தார்.

டிசம்பர் 2, வெள்ளி. அழைப்பு வரவில்லை. அன்று ராஜகுமாரி டீ குடிக்கக்கூட மேசையை விட்டு எழவில்லை.

அந்த வாரத்தில் வேறு சோலியாகப் பேத்துப்பாறைக்குப் போன நல்லசாமி, சிவபாக்கியத்தைப் பார்த்து, இனி யானை தேடி வரமாட்டோம், கூப்பிட்டது உங்கள் மகன் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டே கேட்டதாகவும், அலுவலக எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார்.

டிசம்பர் 9, வெள்ளி, காலை 11.20. ஸ்பீக்கரில் கேட்டது சிவபாக்கியத்தின் குரல்.

"யானை வந்துச்சு தாயி. பூண்டுக்காட்டு ஓரமா நின்னுட்டுப் போயிருச்சு. ஆளு அனுப்ப வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்னு எழுதிக்க."

ராஜகுமாரி எழுதிக்கொண்டார்.

"வேற யாரும் போன் பண்ணுனாகளா?"

"ரெண்டு வாரமா இல்லம்மா. அதுக்கு முன்னாடி பண்ணுனாரு. நீங்க கையெழுத்துப் போட்டீங்களான்னுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டாரு. நம்பர் தரவாம்மா?"

"அவன் அப்பனுக்கு வரலை" என்றார் சிவபாக்கியம். ஆனால் போனை வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போயிற்று. ராஜகுமாரியும் வைக்கவில்லை.

"அடுத்த வெள்ளிக்கெழமையும் யானை வரும்னு சொல்லிரு" என்றார். அத்தோடு வைத்துவிட்டார்.

மாலை வேலை முடிந்ததும் ராஜகுமாரி தன் சொந்த செல்லிலிருந்து, ஸ்பீக்கரைப் போட்டு, மஸ்கட்டுக்கு அழைத்தார். நான் சாவிகளை எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். கேட்டு முடித்த செல்வமுருகன், அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு தம்பி."

"மார்கழி நெருங்குதுல்லக்கா. அம்மாவுக்குத் தொண்டை அப்படித்தான் கட்டிக்கும்" என்றார். பிறகு இன்னொரு முறை சொல்லச் சொன்னார், அம்மா சொன்ன மாதிரியே.