மூக்கு நுனிக்கு ஒரு கண்ணாடி

தீர்த்தகிரியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், தேன்கனிக்கோட்டையிலிருந்து பர்கூர் வரைக்கும் உள்ள விவசாயிகளுக்குப் போன உயிர் திரும்பி வரும். 1956-இல் அந்தப் பக்கத்தில் கிணற்று ஆயில் எஞ்சின் நின்றுபோனால், பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். வேலையைவிட, வேலைக்குப் பறந்து போவதில்தான் அவனுக்கு வெறி.

ஆனால் எதிர்காற்று அவனை ஆட்டி வைத்தது. ஐந்து மைல் ஓடுவதற்குள் இரண்டு கண்ணும் தாரை தாரையாகக் கொட்டும். போன வாரம் அந்தக் கண்ணீரில், எதிரே வந்த மாட்டு வண்டிகூடத் தெரியாமல் பள்ளத்தில் இறக்கிவிட்டான். பின்னால் இருந்த மனைவி பூவம்மாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து தீர்ப்பு சொன்னாள். அவன் மோட்டார் சைக்கிளை விலைக்குக் கேட்டு, கிருஷ்ணகிரி மண்டிக்காரர் கோவிந்தப்பன் வெகுநாளாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரி போலாம். போய்ச் சேர்றதுக்குள்ள உங்க கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வந்தாலும், வண்டிய அவருகிட்ட குடுத்துட்டு பஸ்ஸுல திரும்பிரலாம்."

தீர்த்தகிரி மறுநாளே பெங்களூருக்கு ஓடினான். பழைய சாமான் கடையில், ஆகாய விமானத்தில் கழற்றியது என்று சொல்லி விற்ற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, காற்றை மறைக்கக் கைப்பிடிக்கு முன்னால் முடுக்கினான். எவ்வளவு உயரம் வைப்பது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தலையில் உருமாலைக் கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தான். உருமாலின் உச்சி வரைக்கும் கண்ணாடியை அளந்து வைத்தான். வெறுந்தலையோடு நாலு பேர் கண்ணில் படக் கூசுகிற ஊர்க்காரன் வேறெப்படி அளப்பான்?

ஞாயிறு காலை ஓசூரைத் தாண்டியதும் காற்று இருந்த இடமே தெரியவில்லை. "பாத்தியாமே!" என்று கத்தினான். சூளகிரி நெருங்கும்போது தூறல் பிடித்தது. கண்ணாடி முழுக்கத் துளிகள். பாதை எது, புளியமரம் எது என்று தெரியவில்லை. பக்கவாட்டில் தலையை நீட்டினால் காற்று அறைந்தது. கண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்துபோய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்து, கால்மிதியில் ஊன்றி எழுந்து, கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். காற்று உருமாலைப் பிடுங்கிப் பூவம்மாளின் முகத்தில் எறிந்தது. ஆனால் காற்று கண்ணில் படவில்லை!

மறுபடி உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கண்ணாடியின் விளிம்பு மூக்கு நுனிக்கு நேராக இருந்தால் போதும், காற்று அதில் ஏறி நெற்றிக்கு மேலே போய்விடுகிறது. கண்ணுக்கு முன்னால் மறைப்பே இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"என்னாங்க, வண்டி மேல கூத்தாடறீங்க?"

"மூக்கு வரைக்கும் போதும்மே! அதுக்கு மேல இருக்கறது அத்தினியும் தண்டம்!"

சூளகிரியில் வண்டிச் சக்கரம் செய்கிற ஆஞ்சப்பன் ஆசாரியின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினான். கரித்துண்டால் கோடு போட்ட ஆசாரி, ரம்பத்தை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"அறுத்தா அறுத்ததுதான் மேஸ்திரி, திரும்ப ஒட்ட வெக்க முடியாது. இவ்ளோ கொறச்சா உருமா தலையில நிக்காதே?"

கிருஷ்ணகிரிக் கடைவீதியில் வெறுந்தலையோடு போவதா? தீர்த்தகிரி தலையைத் தடவிக்கொண்டான். பூவம்மாள் உருமாலை உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க அறுங்கண்ணா."

அதன் பிறகு அவன் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! தூறலும் விட்டது. மலைகள் இரண்டு பக்கமும் வழிவிட்டு ஒதுங்கின. சந்தோஷம் தாங்காமல் கண்டபடி பாடினான். பின்னால் இருந்து 'மெதுவா' என்று ஒரு சொல் வரவில்லை.

வண்டி வருகிற சேதி கேட்டு, கோவிந்தப்பன் மண்டி வாசலிலேயே காத்திருந்தார். பூவம்மாள் முன்னால் எட்டிப் புருஷனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, இரண்டு கண்ணையும் உற்றுப் பார்த்தாள். வறண்டு கிடந்தன.

"எறங்கும்மா, வண்டிய உள்ள வுட்டுரலாம்" என்றார் கோவிந்தப்பன்.

அவள் இறங்கவில்லை.

"இப்பிடியே ஊத்தங்கரைக்குப் போறோமுங்கண்ணா. எங்கம்மா ஊட்டுக்கு மத்தியானச் சோத்துக்குப் போயிறலாம்னு பாக்கறோம்."