அண்ணன் முடுக்கிய இணைப்பு

வீட்டுக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோனதும் தையல்காரி தன் கொழுந்தனைத்தான் கூப்பிட்டாள். போன வருடம் இறந்துபோன அவள் கணவனைப் போல அவனுக்கும் குழாய் வேலைதான். புது மோட்டாரை மாட்ட, மண்ணுக்கடியில் இருந்த இரும்புக் குழாய் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். குழி தோண்டி, எண்ணெய் விட்டுத் தட்டிப் பார்த்தும் அது அசைந்துகொடுக்கவில்லை.

"அண்ணன் முடுக்கினது, அண்ணி. அறுத்துடவா?"

"வேணாம்ப்பா. உங்கண்ணன் தண்ணி பாட்டிலை மூடினாக்கூட நான் பக்கத்து வீட்லதான் குடுத்துத் திறப்பேன். இன்னொரு தடவை பார்ப்போம்."

தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அவளும் குழிக்குள் இறங்கினாள். ரெஞ்சின் கைப்பிடியில் நீளமான குழாயைச் செருகி, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். இணைப்பு முனகியது, பிறகு சட்டென்று இளகியது.

கொழுந்தன் அதைக் கழற்றிக் கையில் எடுத்தான். மரையில் தண்ணீர் கசியாமலிருக்க அண்ணன் சுற்றிய சணல்நூல் இன்னும் அப்படியே இருந்தது. சாவு வீட்டில் எல்லாக் காரியத்தையும் ஓடியாடிப் பார்த்தவன், அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், குழிக்குள்ளேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவள் ரெஞ்சை எடுத்து மேலே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுதுடுப்பா. மோட்டார் எங்கேயும் போயிடாது."

அவன் ஓய்ந்த பிறகுதான் புது மோட்டாரைப் பூட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் தொட்டி நிரம்பியது.